கடுகு வாங்கி வரச் சொன்னவர்

நீங்கள் பொய் சொன்னீர்கள்.

எங்கள் காலனிப் பொங்கல் விழாக் குழுவின் அன்றைய தலைவரைச் சொல்கிறேன். பூனாவில், கோர்படி ரயில்வே காலனி மைதானத்தில் பந்தல் போட்டு, கரும்பு கட்டி, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "அந்தப் பெண் என்னிடம் வந்து கதறி அழுதாள்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள். அந்தப் பெண் நான். நான் உங்களிடம் வரவில்லை. அழவும் இல்லை. அதுவரை உங்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்கள் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் அழுததாக நீங்கள் சொன்னது ஒரு பெண்மணியைக் காலனியிலிருந்து ஒதுக்குவதற்காக. அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். உங்களைப் பற்றி எழுத எனக்கு ஆசை கிடையாது. வேறு வழியில்லாமல் நடுவில் வருவீர்கள்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "என் பேர நீ என்னாத்துக்குச் சொல்ற? வேணும்னா நானே சொல்லிக்கறேன்" என்றார். காலனியில் இருந்தவர்களுக்கு யார் என்று தெரியும். மற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அக்கா வேலூர்ப் பக்கம். கணவர் பட்டாளத்திலிருந்து வந்து ரயில்வேயில் சேர்ந்தவர். அதனால் காலனியில் குவார்ட்டர்ஸ். அக்கா பூனாவை ஒட்டிய போசரியில் ஒரு ஷெட்டில் சூப்பர்வைசர். ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் உள்ளே ஓடுகிற வயர்களை வெட்டி, முனை பொருத்தி, கட்டாகக் கட்டிக் கொடுக்கிற ஷெட். உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பெண்கள். ஏற்றி இறக்க மட்டும் ஆண்கள். கிராமத்திலிருந்து வேலை தேடி வருகிற பிள்ளைகளை அக்கா அங்கேயும் அக்கம்பக்கத்து ஷெட்டுகளிலும் சேர்த்துவிடுவார். நம் ஊர்ப் பிள்ளைகள், ஜுன்னர், சாஸ்வட் பக்கத்து மராத்திப் பிள்ளைகள், யார் வந்தாலும் சரி. இதைச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா இருந்தா காலு வீங்குது" என்பார்.

கட்டை குட்டையான, கனத்த உடம்பு. புடவைக்குக் கீழே கணவருடைய பழைய பட்டாளத்து ஷூ. போசரி ரோட்டில் செருப்பு ஒரு மழைக்குத் தாங்காது என்பது அவர் கணக்கு. குரல் இரண்டு கட்டடம் தள்ளிக் கேட்கும். அவரிடம் அழகாக, பணிவாக எதுவும் இல்லை. ஒரே ஒரு பிடிவாதம் மட்டும் உண்டு. ஒருவர் பேச வேண்டியதை இன்னொருவர் பேச விடமாட்டார்.

என் ஊர் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தொண்ணூறுகளின் நடுவில் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். பூனாவில் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேனாக இருந்த சித்தப்பா, வேலை வாங்கித் தருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லி அழைத்து வந்தார். வேலை கொடுக்கத்தான் செய்தார், காலனியில் அவர் வீட்டிலேயே. குழந்தைகளைக் குளிப்பாட்டுவது, துணி துவைப்பது, மூன்று வேளைச் சமையல். அப்போது பூனாவில் நம் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு பெண் இருப்பாள். வேலைக்காரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். "எங்க அண்ணன் பொண்ணு" என்பார்கள். அண்ணன் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, பாருங்கள்.

வேலை என்ன ஆயிற்று என்று அப்பா எழுதிக்கொண்டே இருந்தார். கேட்டுப் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை என்று பதில் எழுதுவதற்காகவாவது யாரையாவது கேட்க வேண்டும் அல்லவா? சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

"இவ எங்க அண்ணன் மவ. பச்சப்புள்ள, ஒண்ணும் தெரியாது. தெருமுனைக் கடைக்குக்கூட வழி தெரியாது. நீங்கதான் பார்த்து ஒரு வேலை சொல்லணும்" என்றார் சித்தப்பா.

அக்கா என்னைப் பார்த்து, "உன் பேரு இன்னாமா?" என்றார்.

சித்தப்பா சொன்னார்.

"உங்களக் கேக்கல சார்."

"இவ பேரத்தான் சொன்னேன்."

"அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமான்னு பாக்கறேன்."

நான் என் பெயரைச் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. அக்கா விடவில்லை. "எவ்ளோ படிச்ச?"

"பிளஸ் டூ. ஃபஸ்ட் கிளாஸ்" என்றார் சித்தப்பா. பழக்கம் போகுமா?

"அட, ஃபஸ்ட் கிளாஸ் வாங்கிட்டா சார் பாயின்ட்ஸ்மேனா இருக்கீங்க?"

சித்தப்பாவுக்கு முகம் கறுத்தது. அக்கா எழுந்து அடுப்பங்கரையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "சார், ஒரு ஒத்தாசை. தாளிக்கக் கடுகு இல்ல. கிரானா கடைல ஒரு பொட்டலம் வாங்கியாங்க."

"நானா?"

"வேற யாரு? இவளுக்குத்தான் வழி தெரியாதுன்னீங்களே."

சித்தப்பா போனார். அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப சொல்லு. உனக்கு இன்னா வேணும்?"

எனக்கு என்ன வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. "தெரியல. சித்தப்பாட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

"அப்ப கெளம்பு. கேட்டுக்கினு வராத, யோசிச்சிக்கினு வா. தனியா வா."

சித்தப்பா கடுகோடு வந்தபோது பேச்சு முடிந்திருந்தது. வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "கடுகு வாங்கவா எனக்கு கவர்மெண்ட்டு உத்தியோகம் குடுத்திருக்கான்? பேசுத பேச்சப் பாரு. திமிரு பிடிச்ச பொம்பள."

சில நாள் கழித்து, சித்தி தூங்குகிற மத்தியான நேரத்தில், நான் தனியாகப் போனேன். வேலை வேண்டும் என்றேன். எதற்கு என்றார். சித்தி வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்றேன். "இது பேச்சு. சலோ, திங்கக்கெழம ஷெட்டுக்கு வா" என்றார். தண்ணீர் கேட்டேன். எடுத்துக்கொள்ளச் சொன்னார். அடுப்பங்கரை அலமாரியில் ஒரு தட்டு முழுக்கக் கடுகுப் பொட்டலம், பிரிக்காமல். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பா, அண்ணன், மாமன், தாய்மாமன் எல்லாரும் வாங்கிக் கொடுத்தது. அக்கா வீட்டுக் குழம்பில் கடுகு அதிகமாக மிதக்கும் என்று காலனியில் ஒரு கேலி உண்டு. காரணம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேலை கிடைத்துவிட்டது என்று அப்பாவுக்கு நானே கடிதம் போட்டேன், சித்தப்பாவால் தடுக்க முடியவில்லை. முதல் நாள் அக்காவே கூட்டிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். "ஸ்டேஷன்ல எறங்கி போசரி பஸ்ஸு மாத்து" என்றதோடு சரி. பூனா பஸ்களில் ஊர் பெயர் மட்டுமல்ல, எண்ணும் மராத்தி எழுத்தில்தான் இருக்கும். ஸ்டேஷன் ஸ்டாண்டில் நான் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றேன். பார்த்தால் அக்கா கொஞ்சம் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்து வடாபாவ் தின்றுகொண்டிருந்தார். "அக்கா!" என்று ஓடினேன். முன்பின் தெரியாதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு பஸ் வந்தது, போனது. அவர் எழுந்திருக்கவில்லை. இன்னொன்றும் போனது. கடைசியில் பூ விற்கிற ஒரு மராத்திக்காரியிடம் போய் "போசரி? போசரி?" என்றேன். அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பி ஒரு பஸ்ஸைக் காட்டினாள். நான் ஏறினேன். அக்கா எனக்குப் பின்னால் ஏறி, என்னைத் தாண்டிப் போய் முன்சீட்டில் உட்கார்ந்து, தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தார்.

இரண்டு பேரும் தாமதமாகத்தான் போனோம். முதலாளி திட்டியது அவரை. எனக்கு ஸ்டாண்டில் வந்த கோபத்தில் அவர் வாயிலிருந்த வடாபாவைப் பிடுங்கிப் போட்டிருப்பேன். மறுநாள் எனக்கு எவர் துணையும் வேண்டியிருக்கவில்லை.

அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போவது பெரிய தொல்லை. முன்னால் நிற்கிற பெண்ணுக்கு எங்கே வலிக்கிறது என்று புருஷன் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தால் இவருக்குப் பொறுக்காது. "ஏம்பா, வயித்து வலி ஒனக்கா அவளுக்கா?" கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்கு எங்க புள்ளைய ரொம்பப் புடிச்சுப் போச்சு" என்றால், இலையில் உட்கார்ந்திருக்கும்போதே, "எங்க, கூப்புடுங்க, கேப்போம்" என்பார். அதனால் பல வீடுகளில் அவரைக் கல்யாணத்துக்கு அழைப்பதையே விட்டுவிட்டார்கள். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தலைவர் அவர்களே, உங்கள் வீட்டு நவராத்திரிக்கு அழைத்திருந்தீர்கள். நான் அங்கே இல்லை. இருந்தவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு அண்ணன் பெண் இருந்தாள். எல்லாருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா சுண்டலை வாங்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், "உனக்கு இன்னா வேணும்னு இவங்க கேட்டாங்களா?" என்றார். உங்கள் மனைவி, "அவளுக்கு இங்க என்ன கொறச்சல்?" என்றார். அந்தப் பெண் சுண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "டைப்பிங் படிக்கணும்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அன்றையிலிருந்து உங்களுக்கு அக்காவைக் கண்டால் ஆகாது.

அக்கா எப்போதும் சரியாகத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஜுன்னர் பக்கத்திலிருந்து வாமன் என்று ஒருவன் வந்தான். லோடிங் வேலைக்கு. நல்ல உடம்பு, பொறுமையான முகம், வாய் திக்கும். அவனுக்காக அவன் அண்ணன்தான் எங்கேயும் பேசுவானாம். அக்கா வழக்கம்போல அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு, முதலாளி முன்னால் வாமனை நிறுத்தி, பெயரைச் சொல்லச் சொன்னார். அவனுக்கு முதல் எழுத்தே வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்கிறது, வேர்த்து ஊற்றுகிறது, வரவில்லை. நாங்கள் அத்தனை பேரும் வயரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாளி சொல்லிவிட்டார், விடு, பெயர் எதுக்கு, நாளைக்கு வரட்டும் என்று. அக்கா, "சொல்லுவான், இரு சாகேப்" என்றார். வாமன் ஓடிவிட்டான். கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி ஓடினான்.

நான் சண்டை போட்டேன். "அவன் பேர நீங்க சொன்னா என்ன கொறஞ்சு போவும்?"

"கொறையும்."

"என்ன கொறையும்? வேலை கிடைச்சிருக்கும்லா?"

"அண்ணன் வுட்ட எடத்த நான் புடிச்சிருப்பேன். வேற ஒண்ணும் ஆயிருக்காது."

அன்றைக்கு மத்தியானம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஜுன்னருக்கு அந்தப்பக்கம் இருக்கிற அவன் கிராமத்துக்குப் போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "வரமாட்டேன்னான். அவங்கண்ணன் சொல்லல, அவனே சொன்னான். ரொம்ப நேரம் ஆச்சு, ஆனா முழுசா சொன்னான்." அவருக்கு அது போதும் போலிருந்தது. எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதாது. அவனுக்கு வேலை தேவையாக இருந்தது. அவர் அவனைக் கொஞ்சம் விட்டுப் பிடித்திருக்க வேண்டும்.

இனி என் விஷயம்.

ஷெட்டில் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மராத்தி கொஞ்சம் வந்திருந்தது. கை வேகமாக ஓடியது. சித்தி வீட்டில் சமையல் செய்துவிட்டுத்தான் கிளம்புவேன், வந்தும் செய்வேன். ஆனாலும் சித்திக்குத் திருப்தி இல்லை. ஊரில் அப்பாவோடு பேசி எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் சித்தப்பா நேராக ஷெட்டுக்கு வந்து முதலாளியின் அறையில் உட்கார்ந்தார். பெண்ணுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது, நாளையிலிருந்து வரமாட்டாள் என்று இந்தியில் சொன்னார். முதலாளி மராத்திக்காரர். நல்லவர் கெட்டவர் என்றெல்லாம் இல்லை, ஆள் இருந்தால் வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான். அக்காவைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணின் இடத்துக்கு வேறு ஆள் பார் என்றார்.

அக்கா, "திலா விசாரா" என்றார். அவளைக் கேளுங்கள் என்று அர்த்தம்.

என்னைக் கூப்பிட்டார்கள். அறைக்குக் கதவு கிடையாது. பெஞ்சில் இருந்த எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, கெளம்பு. நாளு குறிச்சாச்சு. அப்பா வரச் சொல்லிட்டாவ" என்றார் சித்தப்பா.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"என்ன ஏன் பாக்கற? எனக்கா கல்யாணம்?" என்றார் அக்கா.

இங்கிருந்து போனால் ஊரில் மறுபடி பீடித் தட்டுதான், மாமியார் வீட்டில். அது நன்றாகத் தெரியும். ஆனால் சித்தப்பா முகத்தைப் பார்த்து நான் அதுவரை எதிர்த்துப் பேசியதே கிடையாது. எப்படியோ சொன்னேன். "நான் வரல சித்தப்பா. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

சித்தப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு முதலாளியிடம் திரும்பி, சிரித்துக்கொண்டே, இந்தியில் சொன்னார்: "வருகிறேன் என்கிறாள் சாகேப். கொஞ்சம் வெட்கப்படுகிறாள்."

முதலாளிக்குத் தமிழ் தெரியாது. தலையை ஆட்டினார். முடிந்தது என்று பேனாவை எடுத்தார்.

அங்கே தமிழும் இந்தியும் மராத்தியும் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு நிமிஷம் சித்தப்பாவைவிட அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது. இந்த அறையில் எனக்காகப் பேச ஒருத்தரும் இல்லை என்று தெரிந்ததும்தான் எனக்குக் குரல் வந்தது.

"மீ ஜாணார் நாஹி" என்றேன். நான் போகமாட்டேன். இரண்டாம் தரம் இன்னும் சத்தமாகச் சொன்னேன். மூன்றாம் தரம் கத்தினேன். பெஞ்சிலிருந்த மராத்திப் பெண்கள், "ஜாணார் நாஹி, ஜாணார் நாஹி" என்று சிரித்துக்கொண்டே சேர்ந்து கத்தினார்கள். முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். சித்தப்பாவிடம், "அவள் வேறு மாதிரி சொல்கிறாளே" என்றார்.

சித்தப்பா எழுந்து போய்விட்டார். போகும்போது, "வீட்டுப்படி ஏறிராத" என்றார்.

சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். "சித்தப்பா பொய் சொன்னது உங்களுக்குத் தெரியும்லா? ஏன் சும்மா நின்னிய?"

"நீதான் நின்னுக்கினு இருந்தியே" என்றார்.

அவர் குவார்ட்டர்ஸில் இடம் இருந்தது. வா என்று கூப்பிடவில்லை. ஷெட்டில் என் பக்கத்தில் உட்காருகிற இரண்டு ஜுன்னர்ப் பெண்கள் பக்கத்தில் கசார்வாடியில் ஒரு அறை எடுத்திருந்தார்கள். நானே அவர்களைக் கேட்டேன், நானே வீட்டுக்காரியிடம் பேசினேன், அன்றைக்கே போய்ப் படுத்தேன். அங்கே ஆறு வருஷம் இருந்தேன். பிறகு பிம்ப்ரியில் பெரிய கம்பெனிக்கு மாறினேன். இப்போது ஒரு லைன் முழுக்க என் பொறுப்பு. வண்டி வாங்கினேன், ஓட்டுகிறேன். கல்யாணம் நான் பார்த்து, நான் கேட்டு, நான் சரி என்று சொல்லிச் செய்துகொண்டது. இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கதறி அழுத பெண் என்று மைக்கில் கேட்டவர்கள் இதையும் கேட்கட்டும்.

அப்பா பிறகு சமாதானம் ஆனார். ஊருக்குப் போய் வந்தேன். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலிருந்த என் தங்கச்சி பூனாவுக்கு வருகிறேன் என்றாள். அப்பாவும் சரி என்றுவிட்டார். பெட்டிகூடக் கட்டியாயிற்று. நான் அப்போதுதான் பிம்ப்ரி கம்பெனிக்கு மாறியிருந்தேன். தங்கச்சிக்கு இடம் இருக்குமா என்று அக்காவிடம் கேட்டு வைத்திருந்தேன். "அவ வந்து கேக்கட்டும்" என்றிருந்தார். நீங்கள் மைக்கில் பேசிய அந்தப் பொங்கல் கழிந்து அப்பா எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்து, அனுப்பப்போவதில்லை என்றார். ஏன் என்று கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை. எவ்வளவோ சண்டை போட்டேன். அந்த வைகாசியிலேயே அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவின் பயம் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

போன வருஷம் பிம்ப்ரி காய்கறி மார்க்கெட்டில் ஒரு அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். கோர்படிக் காலனிக்காரர். "நீதானம்மா அன்னைக்கு அழுதது?" என்றார்.

"எங்க அழுதேன்?"

"தலைவர் வீட்டுல. அவரு மைக்குல சொன்னாரே. அந்த ஷெட்டுக்காரி உன்னக் குடும்பத்துலேர்ந்து பிரிச்சுட்டா, திரும்பிப் போக வுடமாட்டேங்குறான்னு நீ அவர் கால்ல வுழுந்து அழுதியாமே. ஊருலேர்ந்து வர்ற பொண்ணுங்கள அவகிட்ட அனுப்பாதீங்க, அவளோட யாரும் பொழங்காதீங்கன்னு சொன்னாரு."

கத்தரிக்காய்ப் பையை அங்கேயே போட்டுவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். "ஆமா. ஒஞ் சித்தப்பன் அன்னைக்கே பூத்துல கூப்ட்டு சொன்னான். அவ்ளோ பெரிய மனுசன், மைக்குல பொய்யா சொல்லுவாரு? சின்னவளையும் அங்க அழவா அனுப்பச் சொல்லுத?" என்றார் அப்பா.

அக்கா குடும்பம் அதற்குள் காலனியை விட்டு வேலூர்ப் பக்கம் போயிருந்தது. தேடிப் போனேன். இன்னும் பருத்திருந்தார். ஷூ போய்ச் செருப்பு வந்திருந்தது. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். எழுந்து மேடைக்குப் போய் மைக்கைக் கேட்டிருக்கிறார். "அந்தப் பொண்ணு எங்க? அவ வந்து சொல்லட்டும்" என்றிருக்கிறார். நீங்கள் மைக்கைக் கொடுக்கவில்லை. அடுத்தது குழந்தைகள் நடனம் என்று அறிவித்துவிட்டீர்கள். பாட்டுப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு தமிழ் வீடு ஒன்றிலும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. ஏற்கெனவே சேர்த்துவிட்ட தமிழ்ப் பெண்களில் இரண்டு பேரை அவர்கள் வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எனக்காகப் பேச வருவ. எனக்காக யாரும் பேச வேணாம்."

"எனக்காகப் பேச வந்திருப்பேன் அக்கா. அழுதேன்னு சொன்னது என்னையத்தான். அந்தப் பேச்சாலதான் என் தங்கச்சிய அனுப்பல."

அக்காவுக்கு அது தெரியாது. "அது தப்புதான். நான் வந்து உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். கொஞ்சம் கழித்து, "உன்னப் பத்திச் சொன்ன பொய்ய நான் எப்டி மறுக்கறது? நீதான் மறுக்கணும். எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

தலைவர் அவர்களே, இப்போது நீங்கள் விழாக் குழுவின் ஆலோசகர் என்று கேள்விப்பட்டேன். நான் எழுதப்போவது தெரிந்ததும், பழையதைக் கிளற வேண்டாம், வீட்டுக்கு வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினீர்கள். வீட்டுக்கு வரமாட்டேன். நீங்கள் வீட்டில் வைத்துப் பொய் சொல்லவில்லை.

வருகிற பொங்கலுக்கு என் தங்கச்சியை ஊரிலிருந்து அழைத்து வருகிறேன். அவளுக்கு இதில் என்ன சொல்ல இருக்கிறது என்பதை அவள் சொல்வாள். நான் அவளுக்காக எழுதவில்லை. இருவரும் மேடைக்கு நேர் எதிரே உட்காருவோம். மைக்கை எடுத்து, அத்தனை பேரும் கேட்க, இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நான் எந்த நாள், எந்த இடத்தில், யார் பார்க்க உங்களிடம் அழுதேன்? சொல்ல முடியாவிட்டால், அது பொய் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லி முடிக்கும்வரை குழந்தைகள் நடனம் காத்திருக்கட்டும்.